காசு வரும் கட்டம்

எங்கள் குடும்பத்தில் யாரிடமும் மின்சார வண்டி கிடையாது. என் வீட்டுக்காரர் ஓட்டுகிற கார் பெட்ரோல் கெரேத்தா, அதுவும் மழைக்கு ஒழுகும். நான் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போவது மோட்டார் சைக்கிளில். அக்காவுக்கு மிதிவண்டிகூட ஓட்டத் தெரியாது. இப்படிப்பட்ட நாங்கள்தான் பாயான் பாருவில் ஒரு மின்சார வண்டி சார்ஜருக்குச் சொந்தக்காரர்கள். மீன் சாப்பிடாதவன் மீன்கடை வைத்த கதை என்று வேலையிடத்தில் கேலி பேசுவார்கள். பேசட்டும். முதலில் கேலி பேசியவளே நான்தான்.

எல்லாம் அக்காவின் கடையில் தொடங்கியது. அக்கா என்றால் என் உடன்பிறந்த அக்கா. பாயான் பாருவில் கடைவீட்டு வரிசையின் கோடியில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். கடைக்கு மேலே ஒற்றை அறையில்தான் குடியிருப்பு. மாமா இருந்தவரை இருவரும் சேர்ந்து நடத்தினார்கள். அவர் போன பிறகு சமையலும் அவளே, கல்லாவும் அவளே. பரிமாற இரண்டு பெண்கள் உண்டு. மதியத்தில் இலை போட இடம் இருக்காது. மாலையானால் ஈ ஓட்டுவாள். முன்பெல்லாம் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் நேராக அக்கா கடைக்குத்தான் வருவார்கள். இப்போது கேண்டீனிலேயே நன்றாகப் போடுகிறார்கள். மிச்சப் பேருக்கு வீட்டு வாசலுக்கே சாப்பாடு வந்துவிடுகிறது. மதிய வருமானம் வாடகைக்கும் சம்பளத்துக்கும் போக, அக்கா கையில் நிற்பது கறிவேப்பிலை வாசம் மட்டும்தான்.

அக்காவுக்கு ஒரே மகள். கல்யாணமாகி ஜொகூரில் இருக்கிறாள். ஒவ்வொரு முறை பேசும்போதும் ஒரே பாட்டுத்தான்.

"ஏம்மா இன்னும் அடுப்புல வேகுற? கடையைக் குடுத்துட்டு இங்க வந்து பேரனப் பாத்துக்க லா."

நியாயமான பேச்சு. அவளும் வேலைக்குப் போகிறவள். குழந்தையை யாரோ ஒரு அம்மாவிடம் விட்டுவிட்டு, நாள் முழுக்க மனசு அடித்துக்கொள்ள உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அக்காவைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அவளை ஒரு அடுக்குமாடி வீட்டு சோபாவில் உட்கார வைத்தால் ஒரே வாரத்தில் சுவரோடு சண்டை பிடிப்பாள். எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா போய்விட்டால் பினாங்கில் எனக்குச் சண்டை போட ஆள் இல்லை. வீட்டுக்காரரோடு போடலாம்தான். அவர் பதில் பேச மாட்டார். அதில் என்ன சுகம்?

அந்த வாய் பேசாத மனிதர்தான் ஒருநாள் அக்கா கடையில் இலையை மடித்துவிட்டு வாய் திறந்தார். தொழிற்சாலையில் மின் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையாவது எதோடாவது இணைத்துக்கொண்டே இருக்காவிட்டால் அவருக்குக் கை அரிக்கும்.

"கரண்டு கெரேத்தா வெச்சிருக்கிறவன் சார்ஜ் ஏறுற வரைக்கும் எங்க போவான்? பசிக்கும்ல. கடைக்குப் பக்கத்துல தவுக்கேவோட எடம் சும்மாத்தான கெடக்கு. அங்க ஒரு சார்ஜர் நட்டா?"

தவுக்கே என்பது அந்தக் கடைவீட்டுக்குச் சொந்தக்காரரான சீனப் பெரியவர். கடையை ஒட்டி அவருக்கு ஒரு சிமெண்டுத் திடல் இருந்தது.

"நடுறதுக்கு அது என்ன முருங்கக் கெளையா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டு விவரம் சொன்னார். சார்ஜர்களை நிறுவி, போன் செயலி மூலம் நடத்திக் கொடுக்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது. இடமும் முதலும் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஒரு சார்ஜருக்குச் சொந்தக்காரர் ஆகலாம். வருகிற காசில் கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை நமக்கு அனுப்பும். வேகமாக ஏற்றுகிற வகையின் விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. மெதுவாக ஏற்றுகிற வகைதான் எங்களுக்குக் கட்டுப்படியாகும். ஏழைக்கேற்ற எள்ளுருண்டை.

"மெதுவா ஏறுறதுதான் நல்லது. ரெண்டாவது தடவ ரசம் கேப்பான்" என்றார்.

அதையும் எங்களால் தனியாக வாங்க முடியாது என்பதால் தெரிந்தவர்களுக்கெல்லாம் போனில் ஒரு செய்தி அனுப்பினார். 'சார்ஜர் கூட்டு. ஞாயிறு மாலை, அக்கா கடை. விருப்பம் உள்ளவர்கள் வரவும்.' அங்கேதான் முதல் கோளாறு. இந்த ஊரில் கூட்டு என்றால் ஒரே அர்த்தம்தான். மாசாமாசம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, மொத்தத்தையும் ஒருவர் மாற்றி ஒருவர் எடுத்துக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை அக்கா கடையில் உட்கார இடமில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் எடுக்க வந்தவர்கள்.

"மொத மாசம் எனக்குக் குடுத்துருங்க அண்ணே. மகனுக்கு ஃபீஸ் கட்டணும்" என்றாள் எங்கள் மேல்மாடி வீட்டுக்காரி.

"இது அந்தக் கூட்டு இல்ல. கூட்டுச் சேந்து ஒரு சார்ஜர் வாங்குறது."

"சரி, வாங்குங்க. காச எப்ப எடுக்கலாம்?"

"எடுக்க முடியாது. அது நின்னுக்கிட்டே சம்பாதிக்கும்."

"நின்னுக்கிட்டேவா?" என்று அவள் என்னைப் பார்த்தாள். என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்கிற பார்வை.

எங்கள் அடுத்த வீட்டு அங்கிள் வந்தது வேறு காரணத்துக்காக. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அவருடையது. அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். கூட்டு கட்டுவது சட்டப்படி குற்றம் என்று எங்களை எச்சரித்துவிட்டுப் போகத்தான் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். விஷயம் வேறு என்று தெரிந்ததும் உட்கார்ந்து, பால் இல்லாத தே ஓ ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு, என்னைக் கேட்டார்.

"பிள்ளை, நான் ஒண்டு கேக்கிறன். நிலம் தவுக்கேயின்ர. லைன் கரண்டுக் கொம்பனியின்ர. போனுக்குள்ள இருக்கிறது மற்றக் கொம்பனியின்ர. கார் வாறவன்ர. அப்ப எங்கட எண்டு சொல்ல என்ன இருக்கு?"

கேள்வி எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெட்டியும் ஒரு கேபிளும் தவிர எங்களுக்கு என்று ஒன்றுமே இல்லைதான். வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"சாப்பாடு நம்மளுது லா, அங்கிள்."

அங்கிள் யோசித்தார். "ஓம், அது சரி" என்றார். அவரும் ஒரு பங்கு போட்டார். தே குடித்துவிட்டுப் பாதிப் பேர் கலைந்து போன பிறகு மேல்மாடிக்காரியும் ஒரு சின்னப் பங்கு போட்டாள். அக்கா ஒன்று, நாங்கள் ஒன்று. சங்கிலித் தொடராகக் கடை நடத்துகிறவர்களும் பெரிய முதலாளிகளும் இறங்குகிற தொழிலில் இப்படியாக நாங்களும் கால் வைத்தோம்.

தவுக்கே இடம் தந்தார், ஆனால் தீபாவளி வரைக்கும்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். அதற்குள் கார்கள் வராவிட்டால் பெட்டியைப் பிடுங்கிவிட வேண்டும், லாரி நிறுத்த வாடகைக்குக் கேட்டு ஆள் காத்திருக்கிறது. அக்காவும் அதே நாளைப் பிடித்துக்கொண்டு மகளுக்கு வாக்குக் கொடுத்தாள். தீபாவளிக்குள் சார்ஜர் ஓடவில்லை என்றால் கடையை மூடிவிட்டு ஜொகூர் வந்துவிடுகிறேன் என்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு இரும்புப் பெட்டியின் தலையில் என் அக்காவைத் தூக்கி வைத்துவிட்டார்களே!

பெட்டி வந்தது. திடலில் இரண்டு வண்டிகள் நிற்கிற அளவுக்குப் பச்சை வர்ணம் அடித்தார்கள். பெட்டிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கேபிள், நுனியில் பிடி. அதற்கு 'கன்' என்று பெயர். பொருத்தியவர் தன் வண்டியையே செருகிப் பார்த்தார். வேலை செய்தது. அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"காசு எப்படிங்க வரும்? பெட்டிக்கு வாயே இல்லையே" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டாள். அக்கா கடையில் இன்றுவரை ரொக்கம்தான். போனில் கட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், நாளைக்குக் கொண்டாந்து குடு என்று அனுப்பிவிடுவாள்.

அவர் பெட்டியின் முகப்பில் ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைக் கட்டத்தைக் காட்டினார். "இந்தக் கட்டத்துக்கு நேரா போனைப் புடிச்சாத்தான் கரண்டு வரும். காசெல்லாம் இது வழியாத்தான் வரும்."

அக்கா பெரிதாகத் தலையாட்டிக்கொண்டாள். மறுநாள் காலை பூசை. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, பெட்டிக்குத் திருநீற்றுப் பட்டையும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அந்தப் புது இரும்பு, பட்டையும் பொட்டுமாக, எங்கள் வீட்டு ஆள் போலவே ஆகிவிட்டது. நான்கூட என் வாயை மூடிக்கொண்டு கும்பிட்டேன்.

பிறகு நாங்கள் காத்திருந்தோம்.

வண்டி எண்ணைப் பதியாமல் கம்பெனியின் செயலி யாரையும் உள்ளே விடாது. எங்களிடம்தான் மின்சார வண்டி இல்லையே. அதனால் சொந்தக்காரர்களான எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனி அனுப்புகிற வருமானப் பக்கம் மட்டும். என் வீட்டுக்காரர் தூங்கி எழுந்ததும் அதைத்தான் திறப்பார். முட்டை. மறுநாளும் முட்டை. "இவ்வளவு முட்டையை வெச்சு அக்கா கடையில ஒரு முட்டைக் கறி வெக்கலாம்" என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை, இன்னும் இரண்டு வார்த்தை சொன்னேன்.

அங்கிள் தான் போட்ட பணத்தைக் காக்கத் தினமும் மாலையில் வந்தார். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். பெட்ரோல் வண்டி எதுவும் பச்சைக் கட்டத்துக்குள் வந்துவிட முடியாது. கைத்தடியை உயர்த்துவார். அவர்தான் எங்களுக்குச் செய்தி சொல்பவர்.

"கரண்டுக் கார் வருது பிள்ளை. இறங்கிறாங்கள். போனைப் பிடிக்கிறாங்கள். என்னைப் பாக்கிறாங்கள். போயிடுறாங்கள்."

விலை அதிகம் என்றாள் மேல்மாடிக்காரி. கேபிள் நீளம் போதவில்லை என்றார் வீட்டுக்காரர். தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிற நான், பெட்டியின் உள்ளேதான் பழுது என்று அடித்துச் சொன்னேன். கம்பெனிக்குப் போன் போட்டு என் முழுக் கோபத்தையும் கொட்டினேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தங்கள் கணினியில் எல்லாம் பச்சையாக இருக்கிறது என்றாள். பச்சையாக இருந்தால் போதுமா? கீரையும்தான் பச்சையாக இருக்கிறது.

அக்காவுக்கு ஒரே காரணம்தான் தெரிந்தது. கண்ணு.

"புதுசா ஒண்ணு நட்டா ஊர்க் கண்ணு படாம இருக்குமா?" என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினாள். அதுவரை தினமும் காலையில் மட்டும் வைத்த பொட்டை மாலையிலும் வைத்தாள். முட்டைகள் கூடக் கூடப் பொட்டும் கூடியது. விரல்நுனி அளவில் இருந்தது ஐம்பது காசு அளவுக்கு வந்தது. பட்டை மூன்று விரலிலிருந்து முழுக் கைக்கு மாறியது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பொட்டு இல்லாவிட்டால்தான் எங்கள் கண்ணுக்குப் பட்டிருக்கும். இருந்ததால் யார் கண்ணுக்கும் படவில்லை.

தீபாவளி நெருங்கியது. கடைகளில் முறுக்கு டின்கள் அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா ஒருநாள் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, "மக சனிக்கெழம வர்றா. அவகூடப் போறேன். தீபாவளி அங்கதான்" என்றாள்.

"தீபாவளி முடிஞ்சு வந்துருவல்ல?"

"பாப்போம்" என்றாள். எங்கள் வீட்டில் பாப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம். அன்று என் இலையில் சோறு அப்படியே இருந்தது. அக்கா அதற்காகவும் திட்டினாள்.

சனிக்கிழமை மதியக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அக்கா மகள் வந்து இறங்கினாள். வந்தது மின்சார வண்டியில். போன மாதம்தான் வாங்கினார்களாம். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு விடியலிலேயே கிளம்பியிருந்தாள். அக்காவின் பை கல்லாவுக்குப் பக்கத்தில் தயாராக நின்றது. மகள் முதல் வேலையாக அதைத் தூக்கி வண்டியின் பின்னால் வைத்து மூடினாள்.

"பேட்டரி தீர்ற எடத்துக்கு வந்துருச்சு சின்னம்மா" என்றாள் என்னிடம். "பினாங்கு ரெண்டாவது பாலத்துல ஏசியைக்கூட அடச்சிட்டு வந்தேன். பாதி வழியில ஒரு தடவ போட்டேன். அதுக்கப்புறமும் எத்தனையோ சார்ஜர் இருந்துச்சு. எங்கம்மா சார்ஜர்லதான் போடணும்னு வந்துட்டேன்."

அம்மாவைக் கூட்டிப் போக வந்தவள், அம்மாவின் பெட்டிக்குத்தான் காசு தர வேண்டும் என்று வியர்த்து வழிய வந்து நிற்கிறாள். இவளிடம் எப்படிக் கோபப்படுவது?

வண்டியைப் பச்சைக் கட்டத்தில் நிறுத்தி, கன்னை எடுத்துச் செருகினாள். அங்கிள் எழுந்து நின்றார். அவள் போனைத் தூக்கிக்கொண்டு பெட்டியின் முன்னால் போனாள். போனை மேலே பிடித்தாள், கீழே பிடித்தாள், குனிந்து பார்த்தாள்.

"கியூஆர் எங்க?"

"அங்கதான இருக்கு" என்றோம் எல்லோரும் ஒரே குரலில்.

"எங்க?"

நானும் போய்க் குனிந்தேன். பட்டை இருந்தது. பட்டையின் மேல் சந்தனம் காய்ந்து ஏடு கட்டியிருந்தது. அதன் மேல் குங்குமம். அதற்கும் அடியில் எங்கேயோ ஒரு மூலையில் கறுப்பாக ஒரு சின்ன முனை எட்டிப் பார்த்தது.

அவள் கைப்பையிலிருந்து ஈரத் தாளை எடுத்தாள். அக்கா கடை வாசலிலிருந்து பாய்ந்து வந்தாள்.

"ஏய்! பொட்ட அழிக்காத டி!"

"அம்மா, இதுமேல யாரு பட்ட போட்டது?"

"நாந்தான். காசு இது வழியாத்தான் வரும்னு ஒங்க சித்தப்பாதான சொன்னாரு. கல்லாப்பெட்டியில காசு விழுற எடத்துலதான நான் தெனமும் பொட்டு வெக்கிறேன்? காசு வர்ற எடத்துல வெக்காம வேற எங்க வெப்பேன்?"

அதில் தப்புக் கண்டுபிடிக்க எங்களில் ஒருவராலும் முடியவில்லை. மகள் மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் துடைத்தாள். ஒரு தாள் போதவில்லை. நான் கடையிலிருந்து ஈரத்துணி கொண்டுவந்தேன். கட்டம் வெளியே வந்தது. அவள் போனைக் காட்டினாள். பெட்டிக்குள் டிக் என்று ஒரு சத்தம். பச்சை விளக்கு நீலமாக மாறியது.

"போணி!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அக்கா அங்கிளின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நானேதான் என் கடையப் பூட்டி வெச்சிருந்தேனா?" என்றாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது குத்தலாகச் சொல்லியிருப்பேன். அன்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது மகள் சிரிக்க ஆரம்பித்தாள். சும்மா சிரிப்பில்லை, வண்டியில் சாய்ந்துகொண்டு கண்ணீர் வழியச் சிரிப்பு. போனை என்னிடம் நீட்டினாள். அவளிடம் வண்டி இருந்ததால் செயலி உள்ளே விட்டிருந்தது. எங்கள் சார்ஜரைப் பற்றி வந்தவர்கள் எழுதிய குறிப்புகள் அதில் இருந்தன, எல்லாம் மலாயில். முதல் குறிப்பு: 'சார்ஜர் செம்பாயாங்கில் இருக்கிறது. தொந்தரவு செய்ய வேண்டாம்.' செம்பாயாங் என்றால் வழிபாடு. அதன் கீழே ஒருவர்: 'இன்றும் செம்பாயாங் முடியவில்லை. பொட்டு பெரிதாகியிருக்கிறது.' இன்னொருவர்: 'இந்துக்களின் விசேஷ மாதம் போலிருக்கிறது. தீபாவளிக்குப் பிறகு முயற்சி செய்யவும்.'

படித்து முடிப்பதற்குள் எனக்கும் மூச்சு முட்டியது. சிரித்து ஓய்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அத்தனை பேர் வந்திருக்கிறார்கள். பேட்டரி காய்ந்துபோய், வெயிலில் இறங்கி நின்றிருக்கிறார்கள். ஒரு தாளை எடுத்துத் துடைக்க எவ்வளவு நேரமாகும்? ஒருவர்கூடத் துடைக்கவில்லை. மற்றவர்களின் சாமி விஷயம், கை வைக்கக் கூடாது என்று பேசாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். என் ஊர்க்காரர்கள் அப்படி.

மகள் தன் பங்குக்கு ஒரு குறிப்பு எழுதினாள். 'செம்பாயாங் முடிந்தது. வரலாம். பக்கத்திலேயே வாழையிலைச் சாப்பாடு.'

மெதுவாக ஏற்றுகிற சார்ஜர் அல்லவா, அவள் எங்கும் போக முடியாது. கைலியைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குள் போய் வெங்காயம் உரித்தாள். மாலையில் ஒரு வண்டி வந்தது. பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், முக்காடு போட்டவர், கணவரோடும் பிள்ளைகளோடும் இறங்கினார். அக்கா ஓடிப்போய்த் தன் மலாயில் மன்னிப்புக் கேட்டாள். அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, இதற்கு முன்னும் வந்ததாகவும், கேட்கலாம் என்று நினைத்தபோது பூசாரி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் பயந்து போய்விட்டதாகவும் சொன்னார்.

"பூசாரியா? எந்தப் பூசாரி?" என்றாள் அக்கா.

ஆசிரியை கண்ணால் காட்டினார். நெற்றி நிறையத் திருநீறும் கையில் தடியுமாக அங்கிள் உட்கார்ந்திருந்தார்.

"ஐயோ, நான் பென்சன்காரன் எல்லோ!" என்றார் அங்கிள்.

கடை நிரம்பி வழிந்தது என்று சொன்னால் பொய். ஆசிரியை குடும்பம் ஒரு மேசை. அதன் பிறகு ஒரு சீன வாலிபனும் அவன் தோழியும். இருட்டுவதற்குள் இன்னொரு குடும்பம். அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் அக்கா கடையில் மூன்று மேசைகளில் இலை விழுந்து எத்தனையோ காலமாகிறது. வாலிபன் இரண்டாவது தடவை ரசம் கேட்டான். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சரி, ஜெயித்துவிட்டீர்கள் என்று நானும் தலையாட்டினேன். அக்கா ஒரு மேசைக்கும் அடுப்புக்கும் இடையே பறந்தாள். மகள் வெங்காயக் கத்தியைக் கையில் வைத்தபடியே, சமையலறை வாசலில் நின்று அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. பை இன்னும் வண்டிக்குள்தான் இருந்தது.

இரவு மகள் எங்கள் வீட்டில் படுத்தாள். காலையில் எல்லோரும் கடைக்கு வந்தோம். அக்கா அவளுக்குத் தோசை சுட்டுக் கொடுத்தாள். பேரனுக்கு முறுக்கு, மருமகனுக்கு மீன் கறி என்று ஒரு பொட்டலம் கட்டினாள். தானும் புடவை மாற்றி, தலையை வாரி, பயணத்துக்குத் தயாராகத்தான் நின்றாள். கொடுத்த வாக்குக் கொடுத்த வாக்குத்தான், என் அக்கா அப்படி. தீபாவளிக்குள் ஓடியதா ஓடவில்லையா என்பதை அவள் சொல்ல மாட்டாள். வாக்கை வாங்கிய மகள்தான் சொல்ல வேண்டும்.

மகள் வண்டியின் பின்பக்கத்தைத் திறந்தாள். பொட்டலத்தை வைத்தாள். பக்கத்தில் இருந்த அம்மாவின் பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சின்னம்மா, பின்னால எடம் பத்தல. அம்மா பையை எறக்கி உள்ள வைங்க."

நான் எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு ஆட்டையே படுக்க வைக்கலாம். பையும் ஒரு பொட்டலமும் தவிர ஒன்றுமே இல்லை.

"ஆமா, எடமே இல்ல" என்றேன். பையை இறக்கிக் கீழே வைத்தேன்.

"பேரன யாரு பாக்குறது?" என்றாள் அக்கா.

"எனக்கு லீவு கெடைக்கிறப்பல்லாம் கொண்டாந்து விடறேன். நீ கடையில வெச்சுப் பாத்துக்க. அதுவரைக்கும் எங்க மாமியார் பாக்கட்டும். பாவம், அவங்களுக்கும் ஆசை இருக்கு, நாந்தான் விடல" என்றாள். பிறகு வேறு பக்கம் திரும்பி வண்டிக் கண்ணாடியைத் துடைத்தாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

அக்கா கடைக்குள் போனாள். குங்குமச் சிமிழோடு வெளியே வந்தாள். விரலைத் தோய்த்துக்கொண்டு அவள் சார்ஜரை நோக்கி நடந்ததும் அங்கிள், என் வீட்டுக்காரர், நான் மூவரும் ஒன்றாக அலறினோம்.

"அக்கா! வேணாம்!"

அக்கா நின்று எங்களை முறைத்தாள். "எனக்குக் கண்ணு இருக்கு லா" என்றாள். சார்ஜரைத் தாண்டிப் போய், மகளின் நெற்றியில் வைத்தாள். சின்னப் பொட்டு, விரல்நுனி அளவு. வண்டி சத்தமே இல்லாமல் கிளம்பித் திருப்பத்தில் மறைந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அங்க ஏன் வெக்கிற? கால் தடுக்கும். மேல கொண்டு போ" என்று அக்கா திட்டினாள். நானும் திருப்பித் திட்டினேன்.